கொம்பைக் கேட்டு வந்த சம்மந்தியம்மா

நரிப்பாறைத்துறைக் கடற்கரையில் சாளை மீன் ஏலம் சூடுபிடித்திருந்த ஒரு காலையில், ஏலக்காரர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்க, பெண்கள் கூடைகளை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்க, காக்கைகள் தங்கள் பங்குக்குக் கத்திக்கொண்டிருக்க, கடலுக்குள்ளிருந்து ஒரு காண்டாமிருகம் நடந்து வந்து கரையேறியது. அதன் முதுகில் பாசி படர்ந்திருந்தது. தகடு தகடாக மடிந்து தொங்கிய தோலின் இடுக்குகளில் சிப்பிகளும் ஒரு சின்ன நண்டும் குடியிருந்தன. மூக்கின் மேல் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம் என்கிற அளவில் ஒரு புண், உப்புநீர் பட்டுப் பட்டு வெளுத்துக் கிடந்தது. ஏலக்காரர் கூவுவதை நிறுத்தி, ஒதுங்கி வழிவிட்டு, அது கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சாளை வெயில் தாங்காது.

அது வலை காயப்போட்டிருந்த மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, மாதா கோயில் முன்னால் ஒரு கணம் நின்று, பிறகு தெரிந்த வீட்டுக்குப் போகிறவரைப்போல இடதுபக்கம் திரும்பி, பெர்க்மான்ஸ் வீட்டுப் பச்சை இரும்புக் கேட்டின் முன்னால் போய் நின்றுகொண்டது. கேட்டை முட்டவில்லை. கத்தவும் இல்லை. வீட்டைப் பார்த்தபடி நின்றது, அவ்வளவுதான்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த பெர்க்மான்ஸ், வாய் நிறைய நுரையோடு, "யாரு வேணும்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவருக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

பெர்க்மான்ஸ் 'சமுத்திர ராணி' என்ற விசைப்படகின் சொந்தக்காரர். கெட்டவர் என்று ஊரில் யாரும் அவரைச் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் முதலாவதாக வந்து கடைசியாகப் போகிறவர். கேதம் விழுந்த வீட்டில் பந்தல்கால் ஊன்றுகிறவர். கடலில் மீன் பாடு குறைந்த வருஷங்களில் கடல் அட்டையை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். பிறகு பீடி இலை, பிறகு மஞ்சள், பிறகு சாக்கில் சுற்றிக் கொடுத்த எதையும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலிருப்பதைத் தன்னுடைய நேர்மை என்றே அவர் நினைத்திருந்தார். ஆனால் போன வாரம் குணபூபதி என்ற தரகன் கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்திலிருந்து வந்த வாடை பொறுக்காமல் பிரித்துப் பார்த்திருந்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான, அடிப்பக்கம் தும்பு தும்பாக இருந்த, கறுத்த கொம்பு. மறுபடி சுற்றி, படகின் ஐஸ் பெட்டியில் தூண்டில் மீனுக்கு அடியில் போட்டு, ஐஸ் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்.

தோசைக் கரண்டியோடு வெளியே வந்த அவர் மனைவி கித்தேரி, காண்டாமிருகத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இது எங்க வந்திருக்கு?"

"வழி தவறி வந்திருக்கும்."

"நெல்லு ஏத்துத லாரி வழி தவறி வரும். காண்டாமிருகமா வரும், நரிப்பாறைத்துறைக்கு?"

பெர்க்மான்ஸ் வாயைக் கொப்பளிக்கப் போனவர் வெகுநேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. மூக்கில் கொம்பு இல்லாத ஒரு பிராணி ஒரு வீட்டின் வாசலில் வந்து நிற்குமானால் அந்த வீட்டுக்குள் என்ன இருக்கும் என்பது குழாயடியிலேயே முடிவாகிவிட்டது. ஆனால் அதைப் பெர்க்மான்ஸ் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனமில்லை. அவர் ஊன்றாத பந்தல்கால் அந்தத் தெருவில் இல்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே ஒருத்தி மட்டும், "பொண்ணைக் குடுத்த எடத்துல நியாயம் கேக்க வந்த சம்மந்தியம்மா மாதிரில்லா நிக்கா, பச்சத் தண்ணி குடிக்காம!" என்றாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் காண்டாமிருகத்துக்கு அதுவே பெயராகிவிட்டது.

வந்தவள் யாருடைய சம்மந்தியாக இருந்தாலும் சாப்பாடு போடாமல் இருக்க முடியாது. கடற்கரை ஊரில் புல்லுக்கு எங்கே போவது என்று பெண்கள் யோசித்து, முதலில் கடல்பாசியை அலசிக் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதைக்காக இரண்டு வாய் தின்றது. பிறகு உள்நாட்டு ஊர்களில் மீன் விற்கப் போன பெண்கள் திரும்பி வரும்போது காலிக் கூடைகளில் அறுகம்புல்லும் வாழைத்தண்டும் கொண்டுவந்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் உருகி வழிகிற தண்ணீரை ஒரு குழாய் போட்டுத் தெருவுக்கே விட்டார். அதில் அது உருண்டு புரண்டு குளித்தது. டீக்கடை காதர் மைதீன் தன் கடையைப் பத்தடி நகர்த்தினார். ரேஷன் கடை வரிசை அதன் நிழலில் நிற்கப் பழகியது. ஆட்டோக்காரர்களிடம் வழி கேட்டால், "சம்மந்தியம்மாவுக்குத் தெக்கால ரெண்டாவது சந்து" என்று சொன்னார்கள்.

கால்நடை மருத்துவர் வந்து அதன் விலாவில் குழலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெடுநேரம் கேட்டுவிட்டு, நெஞ்சு அடிக்கவில்லை, மூச்சும் இல்லை, காதுக்குப் பின்னால் துப்பாக்கிக் குண்டு போன வழி இருக்கிறது, மற்றபடி ஆரோக்கியம், பசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். காதுக்குப் பின்னாலிருந்த அந்த ஓட்டையிலிருந்து எப்போதாவது கொஞ்சம் கடல்நீர் வடியும். பெண்கள் முந்தானையால் துடைத்துவிடுவார்கள்.

இதற்கிடையில் ஊரில் வேறொன்று நடக்கத் தொடங்கியது. ஒருத்தியிடம் அவள் கொழுந்தன் மனைவி இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரை திரும்பி வராமல் பல காலம் ஆகியிருந்தது. அவள் ஒரு நாள் காலையில் போய் அந்த வீட்டு வாசலில், சம்மந்தியம்மாவைப் போலவே, ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கொப்பரை, துலக்கிக் கவிழ்த்து, ஒரு கொத்து முருங்கைக்கீரையோடு வெளியே வந்தது. இந்த விஷயம் பரவியதும், ஏணியைக் கொடுத்தவர்கள், சைக்கிள் பம்பைக் கொடுத்தவர்கள், மாமியார் தோட்டைப் பூட்டி வைத்துக்கொண்ட மருமகளின் பிறந்த வீட்டார் எல்லோரும் ஆங்காங்கே வாசல்களில் பேசாமல் நிற்கத் தொடங்கினார்கள். நரிப்பாறைத்துறை முழுவதும் இரவல் போன சாமான்கள் நடந்து நடந்து வீடு திரும்பின. பங்குச்சாமியாருக்கு, அவருக்கு முன்னாலிருந்த சாமியார் காலத்தில் காணாமல்போன வெள்ளித் தூபக்கால்கூடத் திரும்பி வந்தது. வாசலில் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தும் கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஊரில் பெர்க்மான்ஸ் ஒருவர்தான்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. கித்தேரியின் தம்பி தொம்மையைக் கூப்பிட்டார். தொம்மை, படகுகளுக்குக் கலப்பத்து பார்க்கிறவன். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை.

"மாப்ள, ஒரு சாமான உன் பட்டறையில வச்சிருக்கணும். நாலு நாளைக்கு."

"என்ன சாமான் அத்தான்?"

"கேக்காத."

தொம்மை கேட்கவில்லை. கொம்பைப் பிரஷர் குக்கருக்குள் போட்டு மூடி, குக்கரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். சம்மந்தியம்மா காதை விடைத்தது, திரும்பியது, சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்தது. தொம்மை மிதித்தான், அதுவும் வேகமாக நடந்தது. தொம்மை இறங்கித் தள்ளினான், அதுவும் மெதுவாக வந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் மிகுந்த மரியாதையோடு குக்கரை மட்டுமே பார்த்தார்கள்.

"ஏல தொம்மை, குக்கர் ரிப்பேரா?"

"ஆமா மாமா. விசில் வரமாட்டேங்கு."

"இப்ப வரும்ல, இவ்வளவு ஆளு கூட வரும்போது."

பட்டறை வாசலில் சம்மந்தியம்மா நின்றது. அங்கே ஆறப்போட்டிருந்த படகுகளின் சொந்தக்காரர்கள் வந்து, எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்களாக, தொம்மையிடம் குக்கரைப் பற்றி விசாரித்தார்கள். தாங்கமாட்டாமல் அவன் கொம்பைக் கோயில் பாண்டு வாத்தியங்களின் அறைக்குக் கொண்டுபோய், பெரிய டிரம்முக்குள் ஒளித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முழுவதும் சம்மந்தியம்மா கோயில் வாசலில் உள்ளே பார்த்தபடி நின்றது. பங்குச்சாமியார் களவைப் பற்றிய பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனார். பெர்க்மான்ஸின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூசை முடிந்ததும் கொம்பு குக்கருக்குள் ஏறி மறுபடியும் பச்சைக் கேட்டு வீட்டு ஐஸ் பெட்டிக்கே வந்தது, பின்னாலேயே சம்மந்தியம்மாவும்.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத் தலைநகரத்திலிருந்து சுயம்புக்கனி என்ற பெண் வனச்சரகர் ஜீப்பில் வந்து இறங்கினார். விறைப்பான காக்கி உடுப்பு, அதைவிட விறைப்பான முகம். சம்மந்தியம்மாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அங்கேயே நின்று யார் யாருக்கோ போன் பேசினார். பேசி முடித்து, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்காரர்களிடம் சொன்னார்:

"அசாம் பக்கத்துக் காட்டுல சுட்டுக் கொன்னு கொம்ப அறுத்திருக்காங்க. செத்துக் கெடந்த எடத்துல மறுநாள் பாத்தா ஒடம்பக் காணோம். கால்தடம் மட்டும் ஆத்துக்குள்ள எறங்கியிருக்கு. ஆத்தோட போயி, கடல்ல எறங்கி, கரையோரமாவே வந்திருக்கணும்."

"அவ்வளவு தூரமா!" என்றார் காதர் மைதீன். "மேடம், டீயா காப்பியா?"

"டீ." சுயம்புக்கனி பச்சைக் கேட்டைப் பார்த்தார். "அந்த வீட்டுக்குள்ள போயி தேடினா எனக்குக் கெடைக்கும். ஆனா நான் எடுத்தா அது வழக்குச் சொத்து. சீல் வச்சு கருவூலத்துல பூட்டிருவாங்க. அப்புறம் இது போயி கருவூலத்து வாசல்ல நிக்கும். வழக்கு முடியுற வரைக்கும் நிக்கும்."

வழக்கு என்றால் எவ்வளவு காலம் என்று எல்லோருக்கும் தெரியும். சம்மந்தியம்மா நிற்க நிற்க அதன் கால்கள் வீங்குவதை நினைத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"அவங்களா மனசு வந்து இது கையில குடுத்துட்டா, அது வேற," என்றார் சுயம்புக்கனி. அதைப் பச்சைக் கேட்டுக்குள் கேட்கும்படியாகக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

கேட்டது. பெர்க்மான்ஸுக்கு மனசும் வந்தது. ஆனால் குணபூபதி போனில், சாமான் கைமாறவில்லையென்றால் படகோடு சேர்த்து அவரையும் கொளுத்துவதாகச் சொல்லியிருந்தான். வந்த மனசு அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம் திரும்பிப் போய்விட்டது.

ஒரு மத்தியானம், வெயில் மணலை வறுத்துக்கொண்டிருந்தபோது, கித்தேரி ஒரு வாளித் தண்ணீரைச் சம்மந்தியம்மாவின் முதுகில் ஊற்றப் போனாள். அப்போது அதன் பின்னங்கால்களுக்கு நடுவே மணல் வட்டமாக நனைந்திருப்பதைப் பார்த்தாள். குனிந்தாள். வெள்ளையாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

கித்தேரி வாளியைக் கீழே வைத்தாள். தன் மூத்த பிள்ளையைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததும், பிள்ளையை வேறு வார்டில் வைத்திருந்ததும், எந்தப் பிள்ளை எங்கே அழுதாலும் தன் சேலை நனைந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. சம்மந்தியம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே பெர்க்மான்ஸ் சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவளுக்குப் பால் சொரக்கு," என்றாள் கித்தேரி.

"யாருக்கு?"

"வெளிய நிக்கவளுக்கு. எங்கயோ ஒரு குட்டி பசியில நிக்கி. இவ இங்க நம்ம வாசல்ல மண்ணுக்குப் பால் குடுத்துட்டு நிக்கா." அவள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள். "எடுத்துக் குடுத்துருங்க. நான் இத்தன வருசத்துல உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. இதக் கேக்கேன்."

"கொளுத்திருவான் கித்தேரி."

"கொளுத்தட்டும். நானும் கூட நிக்கேன்."

பெர்க்மான்ஸ் எழுந்திருக்கக் கையை ஊன்றினார். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகக் குணபூபதி உள்ளே வந்தான். அவனுடைய வெள்ளைக் கார் பின்சந்தில் உறுமிக்கொண்டு நின்றது. அவன் யாரையும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து, மீனை அள்ளிக் கீழே போட்டு, பொட்டலத்தை எடுத்தான். கித்தேரி வழியை மறித்தாள். அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். பெர்க்மான்ஸ் பிசைந்த சோறு ஒட்டிய கையோடு நின்றார். கார் புறப்படுகிற சத்தம் கேட்கும்வரை நின்றார். கீழே விழுந்திருந்த கித்தேரி அவரைப் பார்த்த பார்வையில்தான் அவருக்குக் கால் வந்தது.

சம்மந்தியம்மா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. அது ஓடும் என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. தரை அதிர்ந்தது, டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின, கோயில் மணி யாரும் தொடாமலே ஒரு முறை அடித்தது. நரிப்பாறைத்துறையிலிருந்து வெளியே போக ஒரே பாதைதான், உப்பளங்களுக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. கார் சாலையோடு சுற்றிக்கொண்டு போக, சம்மந்தியம்மா உப்புப் பாத்திகளைக் குறுக்கே கடந்து, வெள்ளை வெளேரென்று உப்பு அப்பிய கால்களோடு சாலையில் ஏறி, காருக்கு முன்னால் நின்றுகொண்டது.

கார் நின்றது. பின்னால் எடுக்கலாமென்றால், பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து, தினம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வருகிற சுயம்புக்கனியின் ஜீப்பும் வந்து சேர்ந்தது. குணபூபதி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். சம்மந்தியம்மா மெல்ல முன்னால் வந்து, களைத்தவர் தலையணையில் சாய்வதுபோல, தன் தாடையைக் காரின் முன்பக்கத்தில் வைத்தது. தகடு முனகிக்கொண்டு உள்ளே இறங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெர்க்மான்ஸ் வந்தார். கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முன்பு எத்தனையோ தடவை ஊர் முன்னால் நின்றிருக்கிறார், திருவிழாவில், தேரில். இப்படி ஒரு நாளும் நின்றதில்லை. காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"குணபூபதி. கொம்பக் குடு."

கண்ணாடி ஓர் இழை இறங்கியது. "ஆளுகளப் பாத்துப் பேசும். எந்தக் கொம்பு?"

"நான் என் வீட்டு ஐஸ் பெட்டியில ஒளிச்சு வச்சிருந்த கொம்பு." பெர்க்மான்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நீ குடுத்த, நான் வாங்கினேன். என்னன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். இதுக்கு முன்னாடியும் தெரியாம வாங்கினதில்ல, தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். மேடம், எழுதிக்கிடுங்க. இப்பக் குடு. உடையவ வந்து நிக்கா."

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அது ஊர் முழுவதும் சேர்ந்து விட்டதுபோல இருந்தது. காரின் முன்பக்கம் இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது. குணபூபதி பொட்டலத்தைக் கண்ணாடி வழியே வெளியே நீட்டினான். "எடுத்துத் தொலைங்க!"

பெர்க்மான்ஸ் அதை இரண்டு கையிலும் வாங்கினார். சுயம்புக்கனியைப் பார்த்தார். வனச்சரகர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"களவு போன பொருள உடையவங்ககிட்ட ஒப்படைக்கிறது நம்ம கடமை," என்றார் கடைசியில். "உடையவங்க நேர்ல வந்திருக்காங்க. அடையாளமும் பொருந்துது. குடுங்க."

பெர்க்மான்ஸ் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்து, கொம்பைச் சம்மந்தியம்மாவின் மூக்கில் வைத்துப் பார்த்தார். அடிப்பாகத்தில் ஒரு பக்கம், ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குறைந்தது. கொம்பு நிற்காமல் சரிந்தது. சம்மந்தியம்மா தலையைத் திருப்பி, கூட்டத்துக்குள் நின்ற தொம்மையைத் தேடிப் பிடித்து, அவன் வயிற்றை முகர்ந்தது.

தொம்மையின் முகம் சுருங்கியது. "எனக்கு நாள்பட்ட இடுப்பு வலி," என்றான். "பெரிய மருந்துன்னு சொன்னாவ. பட்டறையில இருந்தப்பம் தேங்கா துருவியில கொஞ்சம் சொரண்டி, வெந்நியில போட்டு…"

"வலி போச்சாடா?" என்றாள் கித்தேரி.

"இல்லக்கா. கூட நெஞ்செரிச்சல்."

சுயம்புக்கனி, விறைப்பான அந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பை அடக்க முயன்றார். "அண்ணே, அதுக்கு உங்க நகத்தையே கடிச்சுத் தின்னிருக்கலாமே. கொம்பும் நகமும் ஒரே சரக்குதான். இதுக்காகத்தான் ஒலகம் பூரா சுடுறான்."

கித்தேரி தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "ஒரே சரக்குன்னா, அடைச்சிரலாம்லா?"

அதற்குப் பிறகு நடந்தது திருவிழாக் கஞ்சி காய்ச்சுகிற மாதிரி நடந்தது. உப்பளச் சாலையிலேயே அடுப்பு மூட்டினார்கள். நாவிதர் அருள்வரதன் நகவெட்டியோடு உட்கார, மீன்காரிகள், ஐஸ் கம்பெனி ஆட்கள், காதர் மைதீன், பங்குச்சாமியார், ஏலக்காரர், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி என்ன ஏதென்று தெரியாமல் வரிசையில் நின்றுவிட்ட வெளியூர்க்காரர்கள் என்று எல்லோரும் கையை நீட்டினார்கள். கையில் நகமில்லாத வலைக்காரர்கள் காலை நீட்டினார்கள். சேர்ந்த நகத்தை அம்மியில் நுணுக்கி, குங்கிலியத்தோடு சேர்த்துத் தொம்மை காய்ச்சினான். பிறகு, விரிசல் விட்ட படகை அடைக்கிற அதே கவனத்தோடு, கொம்பை மூக்கில் பொருத்திக் குறைந்த இடத்தில் வைத்து வைத்து அழுத்தினான்.

அழுத்திக்கொண்டிருந்தவன் திடுக்கென்று கையை எடுத்தான்.

"என்னடா?"

"சுடுதுக்கா," என்றான் தொம்மை. கண்ணில் தண்ணீர் நின்றது. "மூச்சு. கையில மூச்சு சுடுது."

கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம், உரலில் மெதுவாக இடிப்பதுபோல, அதன் நெஞ்சு அடிப்பது கேட்டது.

இருந்தாலும் எல்லோருக்கும் ஒரு கவலை. ஒட்டிப் போட்டுக்கொள்ள இது என்ன உடைந்த வளையலா? அசாம் வரைக்கும் தாங்குமா? சம்மந்தியம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அது நாலடி பின்னால் போனது. இத்தனை நாளும் ஒரு பூந்தொட்டியைக்கூட உடைக்காமல் நின்ற பிராணி தலையைத் தாழ்த்தியது. நிலைமையைப் புரிந்துகொண்ட குணபூபதி மறுபக்கக் கதவைத் திறந்து உப்புப் பாத்திக்குள் குதித்தான். அடுத்த கணம் வெள்ளைக் கார் மேலே போய், ஒரு சுற்று சுற்றி, சக்கரங்கள் வானத்தைப் பார்க்க அவனுக்குப் பக்கத்துப் பாத்தியில் வந்து படுத்தது.

"ஒட்டிருச்சு!" என்று தொம்மை கத்தினான்.

"ஒட்டிருச்சு!" என்று ஊரே கத்தியது. இடுப்புவரை உப்புச் சேற்றில் நின்ற குணபூபதியைச் சுயம்புக்கனி கையைக் கொடுத்து ஏற்றி, அந்தக் கையை விடாமலே ஜீப்பில் உட்காரவைத்தார்.

சம்மந்தியம்மா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வந்த வழியே, மாதா கோயிலைத் தாண்டி, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, கடலுக்கு நடந்தது. கரையில் நின்ற கித்தேரி மட்டும் அதன் விலாவில் கையை வைத்து, "சீக்கிரம் போம்மா, நிக்காம போ," என்றாள். அலையில் முழங்கால், விலா, முதுகு என்று ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் கொம்பு மட்டும் வடக்கே திரும்பி, ஒரு சின்னப் பாய்மரத்தைப்போலப் போய்க்கொண்டிருந்தது.

பெர்க்மான்ஸ் உப்புநீரில் கையைக் கழுவிக்கொண்டு தானாகவே ஜீப்பில் ஏறினார். தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னார். அதனால் அக்கரையிலும் வடக்கேயும் பலர் பிடிபட்டார்கள். அவருக்கும் தண்டனை உண்டு என்று நீதிபதி சொன்னபோது தலையை ஆட்டினார். குணபூபதி சொன்னபடி படகைக் கொளுத்த யாரும் வரவில்லை. அவன் ஆட்களே வரிசையாக உள்ளே இருந்தார்கள். 'சமுத்திர ராணி'யைத் தொம்மை ஓட்டினான். இடுப்பு வலியோடுதான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் கித்தேரி சிறைக்கு வந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெர்க்மான்ஸ், சாப்பாடு எப்படி என்று அவள் கேட்பதற்குள், "சேதி வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. அந்தக் காட்டுக் காவக்காரர் சுயம்புக்கனி மேடத்துக்குப் போன் பண்ணிருக்காரு. மேடமே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாவ. ஆத்தங்கரையில குட்டி நின்ன எடத்த விட்டு அசையாமலே நின்னுச்சாம். இவ ஆத்துல இருந்து ஏறினதும் முட்டி மோதிப் போயி…"

"குடிச்சிச்சா?"

"குடிச்சிச்சு."

பெர்க்மான்ஸ் கம்பிவலையில் நெற்றியை வைத்துக்கொண்டார். கித்தேரி பிறகு சொன்னாள்: "அந்த ஆளுக்கு ஒரே ஒரு கவலையாம். கொம்போட அடியில ஒரு பக்கம் மட்டும், வெயில் பட்டா, ரோஸ் கலர்ல மினுங்குதாம். இது என்ன நோயி, மருந்து எதும் வைக்கணுமான்னு கேட்டிருக்காரு."

"மேடம் என்ன சொன்னாவளாம்?"

"அத எங்கிட்டச் சொல்லும்போது ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாவ. நான் விடுவேனா? எட்டிப் பாத்துட்டேன். பத்து வெரல் நகத்துலயும் ரோஸ் சாயம்." கித்தேரிக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. "'அது நோயி இல்ல, பொறவியிலேயே இருக்கிற மச்சம்'னு எழுதிக்கிடச் சொல்லிட்டாவளாம்."

பெர்க்மான்ஸ் சிரித்த சிரிப்பில் காவலர் ஓடி வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். இருவரும் கம்பிவலையின் இரண்டு பக்கமும் நின்று, கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.